கோபன்ஹேகனுக்குக் கருவாடு

1

"கோபன்ஹேகன் கட்டுரை எங்கே?" என்று கேட்டு வந்த கடிதங்களை எல்லாம் ஆசிரியர் ஒரு கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பிவிட்டார். கேட்பதில் தப்பே இல்லை. "அடுத்த முறை டென்மார்க் தேசத்துத் தலைநகரிலிருந்து எழுதுகிறேன்" என்று போன வருஷம் இதே பக்கத்தில் மீசையை முறுக்கியவன் நான்தானே! திருவையாற்று வாசகர் ஒருவர், "போனீரா, அல்லது குளிருக்குப் பயந்து கப்பலுக்குள்ளேயே பதுங்கிவிட்டீரா?" என்று கிண்டல் வேறு செய்திருக்கிறார்.

ஐயா, குளிருக்குப் பயப்படும் தூரம்கூட நாங்கள் போகவில்லை. மலாக்காவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் இன்னும் இருக்கிறேன். அதே கிராணி உத்தியோகம். அதாவது தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. ஏன் போகவில்லை என்று எழுத உட்காருவேன், கை ஓடாது, எழுந்துவிடுவேன். போன வாரம் ஒன்று நடந்தது. அதற்கப்புறம்தான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இங்கே நடப்பதை உங்கள் பத்திரிகைகள் "மலாயாவில் கலகம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. எங்களுக்கு இது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருக்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேராமல் தடுத்துவிட்டால் தாமாக வெளியே வருவார்கள் என்பது சர்க்கார் கணக்கு. ஆகவே நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி. வேலைக்குப் போகும்போது ஆணும் பெண்ணும் கேட்டில் கையைத் தூக்கி நின்று சோதனை கொடுக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போய் வெறும் வயிற்றோடு திரும்புகிறார்கள். அரிசி அளவு பார்த்துத்தான் கிடைக்கும். கடையில் பால் டின் வாங்கினால்கூட, சேர்த்து வைக்க முடியாதபடி கடைக்காரர் ஆணி அடித்து ஓட்டை போட்டுத்தான் தருவார். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

இப்படிப்பட்ட இடத்திலிருந்துதான் மூன்று பேர் கோபன்ஹேகனுக்குக் கிளம்பினோம்.

2

எங்கள் பழைய துரை டென்மார்க்காரர். காட்டுப் பாதையில் சண்டை நடந்து சாலை அடைபட்டிருந்த சமயம் அவருக்குக் கடுமையான மலேரியா. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர் பெருமாள்தான் பக்கத்திலேயே இருந்து பிழைக்க வைத்தான். டிரெஸ்ஸர் என்றால் மருந்து கொடுப்பவன், கட்டுப் போடுபவன், எங்களுக்கு அவன்தான் டாக்டர். செலண்டாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நாகப்பன் பார்லியும் குளுக்கோஸும் அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் ஆபீஸைப் பார்த்துக்கொண்டேன். துரை வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது எங்கள் மூவர் கையையும் பிடித்துக்கொண்டு, ஒரு கோடைக்கு என் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். எல்லாத் துரைமாரும் சொல்வதுதானே என்று நினைத்தோம். ஆனால் கடிதம் வந்துவிட்டது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரப்பர் ஏற்றிப் போகும் சரக்குக் கப்பலில் எங்களுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாகப்பன் கடையின் பின்கட்டில், மிளகாய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து திட்டம் போட்டோம். நாகப்பனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

"வைத்தி, அங்க பல் தேய்க்கிற தண்ணிகூட ஐஸாத்தான் இருக்குமாம். நெசமாவா?" என்று என்னைக் கேட்டார்.

"கோடையில போறோம்ணே," என்றான் பெருமாள். எங்களைவிட இளையவன், கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. "கோடையில அங்க ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா இருக்குமாம் லா."

"அப்ப எப்பத்தான் தூங்குவானுங்க?"

"தூங்க வேணாம்ணே. நடப்போம். சாப்பிட்டுட்டு சும்மா ரோட்டுல நடப்போம். எவனும் நிப்பாட்டிக் கார்டு கேக்க மாட்டான், கையத் தூக்குன்னு சொல்ல மாட்டான்."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கும் நாகப்பனுக்கும் ஊர் பார்க்கும் ஆசைதான். பெருமாளுக்கு இந்த நடை ஒன்றுதான் வேண்டும்.

என் பயங்கள் வேறு. கடல், குளிர், மாட்டுக்கறி, முள்கரண்டி, துரைசாணி முன்னால் எப்படி உட்காருவது என்பது வரை வரிசையாக வைத்திருந்தேன். என் மனைவி செல்லம் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் தள்ளிவிட்டாள்.

"போறது கெடக்கட்டுங்க. திரும்பி வர உடுவானா?"

எங்கள் தோட்டத்துத் தண்டல், அதாவது மேஸ்திரி, ஒருவர் தாயார் காரியத்துக்கு ஊருக்குப் போனவர், திரும்பி நுழையும் சீட்டு கிடைக்காமல் நாகப்பட்டினத்திலேயே நின்றுவிட்டார். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே. இப்போதெல்லாம் இந்த நாட்டை விட்டு வெளியே போகிறவனுக்கு, போவதற்கு ஒரு காகிதம், திரும்பி வர இன்னொரு காகிதம். முதல் காகிதம் சுலபம். இரண்டாவது கிடைக்காமல் கப்பல் ஏறினால் அவ்வளவுதான், வீடு வாசல் இங்கே, ஆள் அங்கே.

3

மலாக்கா டவுனுக்கு பஸ் பிடித்துப் போய், அந்தக் காகிதங்களைக் கொடுக்கும் ஆபீஸில் நின்றோம். நானும் நாகப்பனும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள்; வந்த தேதி எழுதிய பழைய காகிதங்கள் எங்களிடம் இருந்தன. பெருமாள் முறை வந்தது. பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார் அதிகாரி. பெருமாள் பிறந்தது ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில். அந்தத் தோட்டம் கை மாறி, பெயரும் மாறிவிட்டது. அம்மா அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தக் காலத்தில் கூலி வீட்டுப் பிள்ளை பிறந்ததை யார் போய்ப் பதிந்தார்கள்?

"இந்தியாவிலிருந்து வந்ததற்கும் காகிதம் இல்லை. இங்கே பிறந்ததற்கும் இல்லை. அப்படியானால் நீ எங்கேதான் பிறந்தாய்?" என்று மலாயில் கேட்டார் அதிகாரி.

"இங்கதான், துவான்," என்று மலாய் மரியாதையோடு பெருமாள் தரையைக் காட்டினான். ஏதோ அந்த ஆபீஸிலேயே பிறந்தவன் போல. எனக்குச் சிரிப்பு வந்தது. மனுவை வாங்கிக்கொண்டார்கள். பதில் தபாலில் வரும் என்றார்கள்.

திரும்பும்போது என் மகள் ராஜத்தைப் பார்த்தோம். டவுனில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ் வீட்டோடு சரி. அதற்குள்ளும் பாதி மலாய், பாதி இங்கிலீஷ்.

"அப்பா, துரை வீட்டுல போய் கைய வச்சுச் சாப்பிட்டு ஷேம் பண்ணாதீங்க லா," என்று புத்தி சொன்னாள்.

தஞ்சாவூரிலிருந்து வந்த என் அண்ணாவின் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. தமிழ் மறக்காமல் இருக்கட்டுமே என்று படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தவள், "ஊருக்கு எப்போது வருகிறாய்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"எந்த ஊருக்குப்பா?"

"நம்ம ஊருக்குத்தாம்மா."

"நாமதான் இங்க இருக்கோமே!"

பெருமாள் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அன்று பாசார் கடையில் வாங்கிய சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

4

இனி எங்கள் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்.

"துரை வீட்டுல என்னத்தக் குடுப்பான்? ரொட்டியும் வேகாத மீனும். கப்பல்ல வேற ஒரு மாசம். வயிறு காஞ்சு கண்ணு உள்ள போயி வந்து நிப்பீங்க," என்று செல்லம் ஆரம்பித்தாள். பெருமாள் மனைவி அங்கம்மாவும் நாகப்பன் வீட்டம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். வெளியூர் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் எந்தத் தமிழ் வீட்டில் உண்டு? திருச்சி போவதற்கே புளிச்சோறு கட்டுகிறவர்கள், கோபன்ஹேகனுக்குச் சும்மா விடுவார்களா?

அளவாக வரும் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து, வறுத்து மாவாக்கினார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், நார்த்தங்காய், சர்க்கரை. அங்கம்மா கருவாட்டை எண்ணெயில் பொரித்து, நாற்றம் வெளியே வராமல் ஜாடியில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி மெழுகு ஊற்றினாள். லயத்து வீட்டில் எறும்பும் எலியும் இருக்கும். எங்கே வைப்பது? பெருமாளின் மருந்து ஸ்டோரில் பஞ்சு வரும் பெரிய டின்கள் காலியாகக் கிடந்தன, மூடி நன்றாக இறுகும். அதில் வைத்தோம். டவுன் பாசாரில் பட்டாளத்துப் பழைய கம்பளிக் கோட்டுகள் வாங்கினோம். அதையும் அங்கேயே வைத்தோம். கான்வாஸ் பூட்ஸ் என்கிற சப்பாத்து, கப்பல் இருட்டுக்கு டார்ச் விளக்கு, மழைக்கு மெழுகுத்துணி, வழி தெரிந்துகொள்ள ராஜத்தின் பழைய தேசப்படம், எல்லாம் அதே ஸ்டோரில்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஆட்களை நிறுத்திச் சர்க்கார் உத்தரவைத் தமிழில் படிப்பவன் நான். அரிசி, மாவு, சர்க்கரை, கருவாடு யாரும் சேர்த்து வைக்கக் கூடாது. மருந்து, கம்பளி, சப்பாத்து, டார்ச் விளக்கு காட்டுக்குப் போகக் கூடாது. மீறினால் சிறை, நாடு கடத்தல். இதைத் தொண்டை கிழியப் படித்துவிட்டு, சாயந்தரம் பெருமாளின் ஸ்டோருக்குப் போய் டின் மூடி இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பேன். ஒரு நாளாவது மண்டையில் உறைக்க வேண்டுமே! உத்தரவில் இருப்பது உணவுப் பொருள். எங்களுடையது வழிச்சோறு. இரண்டும் ஒன்று என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

5

பட்டாளமும் போலீசும் சேர்ந்து ஒரு காலையில் தோட்டத்தைச் சோதனை போட வந்தார்கள். மருந்து ஸ்டோரைத் திறந்தார்கள். பிறகு நான் சொல்லவா வேண்டும்? அரை மணிக்கெல்லாம் அங்கம்மா தலைமுடி அவிழ்ந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, அவர லாரில ஏத்திட்டாங்கண்ணே! காட்டுக்காரனுக்குச் சோறு சேத்து வச்சாருன்னு சொல்றாங்கண்ணே!"

இந்தக் குற்றத்துக்கு விசாரணைகூட வேண்டாம், உள்ளே வைத்துவிடலாம். கொஞ்சம் இரக்கம் காட்டினால் நாடு கடத்துவார்கள். எந்த நாட்டுக்கு? அவன் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்கு! இங்கே பிறந்ததற்குத்தான் காகிதம் இல்லையே. அதிகாரி கேட்ட கேள்வி என் காதிலேயே நின்றது. துரையின் கடிதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் செலண்டாருக்குப் பறந்தேன். நாகப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சைக்கிளை உள்ளே போட்டுக் கடையைச் சாத்திவிட்டு, என்னோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் எங்கள் சாமான் முழுவதும் மேசைமேல் பரப்பியிருந்தது. பெருமாள் சுவரோரம் நின்றான். இளவயது வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும், நரைத்த மீசையோடு மலாய்ப் போலீஸ் சார்ஜன் ஒருவரும் இருந்தார்கள். இது எங்கள் மூவரின் சாமான், துரை வீட்டுக்குப் போகச் சேர்த்தது என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி முழுவதும் படித்தார்.

"கடிதம் உண்மையாகவே இருக்கட்டும். கப்பலில் சாப்பாடு போடுவார்கள். போகிற வீட்டிலும் போடுவார்கள். அப்புறம் இத்தனை மாவும் மீனும் யாருக்கு?"

"எங்களுக்குத்தான், சார்."

"விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்கு எவனாவது சாப்பாடு தூக்கிப் போவானா? கோபன்ஹேகனுக்கு, காய்ந்த மீனா?"

உண்மையைத்தான் சொன்னேன். அவர் வாயிலிருந்து அது திரும்பி வரும்போது எனக்கே பொய்யாகத்தான் கேட்டது. நாகப்பன் கையெடுத்துக் கும்பிட்டபடியே நின்றார்.

அப்போது சார்ஜன் கருவாட்டு ஜாடியைக் கையில் எடுத்தார். மெழுகைத் தடவினார். மோந்து பார்த்தார்.

"இது பெக்கால் ஆயிற்றே," என்றார். பெக்கால் என்றால் மலாயில் வழிச்சோறு. தன் தாயார் மக்காவுக்குக் கப்பலேறியபோது இதே மாதிரி அரிசியும் காய்ந்த மீனும் மிளகாய்ச் சம்பாலும் மண்ணெண்ணெய் டின்களில் அடைத்துத் தூக்கிப் போனதை அதிகாரியிடம் சொன்னார். கப்பல்காரன் சாப்பாடு கொடுப்பான் என்று பிள்ளைகள் எவ்வளவோ சொல்லியும் அந்த அம்மாள் கேட்கவில்லையாம்.

எனக்குப் போன உயிர் பாதி வந்தது. ஆனால் சார்ஜன் விடவில்லை. பெருமாள் பக்கம் திரும்பினார்.

"என் தாயார் திரும்பி வரும் வழிக்கென்று தனியாக ஒரு டின் கட்டி வைத்திருந்தார். இதிலே அது எங்கே? திரும்பும்போது என்ன சாப்பிடுவாய்?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பி வர விடுவார்களா என்று மாதக்கணக்காக நடுங்கியவர்கள், திரும்பும் வழிக்கு ஒரு பிடி மாவுகூட எடுத்து வைக்கவில்லை! பெண்கள் மூவருக்கும்கூடத் தோன்றவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

பெருமாள் யோசிக்கவே இல்லை. "திரும்பும்போது எதுக்கு, துவான்? வீட்டுக்குத்தானே வர்றோம். வந்தா சோறு இருக்குமே," என்று மலாயில் சொன்னான். சார்ஜனே ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஆச்சரியத்தோடு சொன்னான்.

சார்ஜன் ஜாடியை மேசையில் வைத்தார். அதிகாரியிடம் இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். அதிகாரி என்னைப் பார்த்து, "நீயும் அதைத்தான் சொல்கிறாயா?" என்றார்.

"ஆமாம் சார். நாங்களும் வீட்டுக்குத்தான் வருவோம்," என்றேன்.

எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு பெருமாளை விட்டார்கள். சாப்பாட்டுச் சாமான் அத்தனையும் சர்க்காருக்குப் போனது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 'வீடு' என்று நான் சொன்னபோது என் கண்ணில் தெரிந்தது செல்லம் நிற்கும் அந்த லயத்து வாசல்தான். அண்ணா இருக்கும் தஞ்சாவூர் வீடு இல்லை. ஊரில் உள்ளவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். அழுகை வந்துவிட்டது. தூசி என்று நாகப்பனிடம் சொன்னேன்.

6

தபால் வந்தது. எனக்குத் திரும்பும் சீட்டு கிடைத்துவிட்டது. நாகப்பனுக்கும் கிடைத்துவிட்டது. பெருமாளுக்கு வந்த காகிதத்தில், அவர் வெளியே போகத் தடையில்லை, மறுபடி உள்ளே வர உறுதி தர இயலாது என்று இருந்தது.

என் சீட்டைச் செல்லத்திடம் காட்டினேன். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"பெருமாளுக்கு வந்துச்சா?"

"வரல."

"அப்ப நீங்க எப்பிடிப் போவீங்க?"

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கப்பல் போன ஞாயிறு மூவரும் வழக்கம்போல் மிளகாய் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். பெருமாளுக்கு எங்கள்மேல் மகா கோபம்.

"நீங்க ரெண்டு பேராவது போயிருக்கலாம்ல? எனக்காக ஏண்ணே நின்னீங்க? எனக்கு எவ்வளவு வெக்கமா இருக்கு தெரியுமா?"

"யாரு ஒனக்காக நின்னா?" என்று நாகப்பன் எரிந்து விழுந்தார். "எனக்குக் கடல் ஒத்துக்காதுடா. வாந்தி எடுப்பேன்." கப்பலில் இந்தியாவிலிருந்து வந்தபோது ஒரு நாள்கூட வாந்தி எடுக்காதவர் அவர்.

எங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று துரைக்கு எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு பெருமாள் மாறிப்போனான். டவுனுக்கு வரமாட்டான். சிங்கப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜொகூர் பாலத்தில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று போகவில்லை. பஸ்ஸில் மாத்தா, அதாவது போலீஸ்காரன், ஏறினால் அவன் கை தானாக அடையாளக் கார்டு இருக்கும் சட்டைப்பையைத் தொடும். பிறந்ததிலிருந்து இருக்கும் ஊரில் விருந்தாளி மாதிரி நடந்தான்.

7

போன வாரம் அங்கம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் ஆபீஸில் செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். பெருமாள் சைக்கிளோடு வாசலில் வந்து நின்றான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

"அண்ணே, கெளம்புங்க. பதிஞ்சுட்டு வந்துருவோம்."

"சனிக்கெழமதானே எல்லாத்தையும் சேத்து அனுப்புவோம். என்ன அவசரம்? நீ மொதல்ல போயி பிள்ளை மொகத்தப் பாரு."

"மொகத்த வாழ்நாள் பூரா பாக்கலாம்ணே. நீங்க சாட்சிக்கு வாங்க."

தோட்டத்தில் பிறக்கும் அத்தனை பிள்ளைகளையும் இவன்தான் குறித்துக் கொடுப்பான்; சனிக்கிழமைக்கு முன்னால் அவசரப்பட்டதே கிடையாது. மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினேன். தூறல் போட்டது. நனைந்துகொண்டே இரண்டு பேரும் மிதித்தோம்.

பதியும் ஆபீஸில் இருந்தவர் ஒரு தமிழர். தலையைத் துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார். பிறகு பேனாவை மையில் தொட்டு, முதல் கட்டத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கொழந்தை பேரு?"

"பேரு அப்புறமா வச்சுக்கலாம் சார்," என்றான் பெருமாள். "பொறந்த ஊர மொதல்ல எழுதுங்க."